தங்கச்சியின் பிள்ளையோடு பனிமலையில்

என் தங்கச்சி இறந்து எட்டாம் மாதம், அவளுடைய மகளைத் தூக்கிக்கொண்டு நான் நோர்வேக்குப் பனிச்சறுக்கு விடுமுறைக்குப் போனேன். பிள்ளைக்கு அப்போது இருபத்திரண்டு மாதம். எனக்கு நாற்பத்தொரு வயது. அதுவரை ஒரு ஸ்கீயை நான் கையால் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை.

டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டில் பனி என்றால் வேலை. அப்பாவுக்குத் துணித் தொழிற்சாலையில் காலைமுறை வேலை. மாசி மாதத்தில் இருட்டோடு எழும்பி, கார்க் கண்ணாடியில் உறைந்து கிடப்பதைச் சுரண்டிக்கொண்டு நிற்பார். பனி கரைய அம்மா வாசலுக்கு உப்புப் போடுவா. பனியைத் தேடிக்கொண்டு ஆட்கள் மலைக்குப் போவார்கள் என்பதைக் கூடப்படித்த பிள்ளைகள் சொல்லித்தான் கேட்டிருக்கிறோம். விடுமுறை முடிந்து அவர்கள் வரும்போது கண்ணாடி மறைத்த கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக, மற்ற முகமெல்லாம் சிவந்து போயிருக்கும்.

எங்கள் வீட்டில் முதலில் மலைக்குப் போனவள் தங்கச்சிதான். என்னைவிட ஏழு வயது இளையவள், டென்மார்க்கில் பிறந்தவள். பொறியியல் படிக்கப் போன இடத்தில் ஒரு டேனிஷ்காரரைக் கண்டு கல்யாணம் செய்தாள். அவர்தான் அவளுக்கு ஸ்கீ பழக்கினார். முதல் வருசம் போய்வந்து, காற்சட்டையை உயர்த்தி இரண்டு முழங்காலையும் எனக்குக் காட்டினாள். கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தன.

"நோகேல்லையோடி?" என்று கேட்டேன்.

"நொந்தது அக்கா. ஆனா மேல நிண்டு கீழ பாக்கேக்கை ஒரு சத்தமும் இல்லை. உலகத்திலை சத்தமே இல்லாத மாதிரி. அதுக்காகத் திரும்பவும் போவன்."

போனாள். ஒவ்வொரு வருசமும் பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை விடும் அந்த ஒரு கிழமையில், ஏழு நாளுக்கு, மனுசனுடைய தமையன் குடும்பத்தோடு, ஒரே மலையில் ஒரே மரவீட்டுக்கு.

அவள் பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது ஒரு பகிடி சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். டேனிஷ் பாஷையில் தாயை 'மோர்' என்பார்கள். "நான் என்ன, குடிக்கிற சாமானோ? என்ர பிள்ளை என்னை அம்மா எண்டுதான் கூப்பிடும்" என்பாள். மனுசனுக்கும் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தாள். அவர் 'அமா' என்பார். அவள் திருத்துவாள். திரும்பவும் 'அமா'. கடைசியில் சரியாக வந்தது. அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்தான்.

பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பிள்ளைக்குப் பதினாலு மாதம் ஆகியிருந்தபோது அவள் போய்விட்டாள். ஜூன் மாதம், நல்ல வெயில் காலம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி மாதத்தில்தான் பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடத் தொடங்கியது. கதவடியில் நின்று பிள்ளை கூப்பிட, தலையணையில் அவளுடைய தலை மெல்லத் திரும்பும். அவளுடைய மனுசனும் நானும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதற்குமேல் அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் இயலாது.

அதற்குப் பிறகு பிள்ளை கிழமை நாட்களில் தகப்பனோடு ரண்டர்ஸ் நகரத்தில் இருந்தது. வெள்ளி பின்னேரம் நான் ஹேர்னிங்கிலிருந்து காரில் போய்க் கூட்டிவருவேன். ஞாயிறு பின்னேரம் கொண்டுபோய் விடுவேன். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் எனக்கு இருந்த சனி, ஞாயிறு வேலைமுறைகளை மற்றவர்களோடு மாற்றிக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஒன்பது வருசம் ஆஸ்பத்திரி, ஊசி, காத்திருப்பு என்று அலைந்து, பிறகு நானும் என் மனுசனும் அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டிருந்தோம். இப்போது சும்மா கிடந்த அறையில் ஒரு சின்னக் கட்டில் வந்தது.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, குசினியில் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்க, பிள்ளை என் காற்சட்டையைப் பிடித்து இழுத்து 'அம்மா' என்றது. நான் அவளுக்குப் பெரியம்மா. அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அந்த நீளமான சொல்லின் முன்பாதி அவளுடைய வாய்க்குள் நிற்கவில்லை. அதோடு, நானும் அவளை 'வாங்கோ அம்மா', 'சாப்பிடுங்கோ அம்மா' என்றுதானே நாள் முழுக்கக் கூப்பிடுகிறேன். இப்படியெல்லாம் எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கே திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. 'என்ன செல்லம்' என்று கத்தியை வைத்துவிட்டுத் தூக்கினேன்.

என் மனுசன் மேசையில் இருந்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"அதைத் திருத்து," என்றார்.

"சின்னப்பிள்ளை தானே. வளரேக்கை தானாச் சரிவரும்."

பிள்ளையின் தகப்பனுக்கு நான் இதைச் சொல்லவில்லை.

தை மாதம் தகப்பன் என்னிடம் வந்து கேட்டார். மரவீடு ஒரு வருசத்துக்கு முதலே பதிவு செய்யப்பட்டது. தமையன் குடும்பம் போகிறது, தன்னையும் வரச்சொல்லி நிற்கிறது. தனக்குப் போகவும் மனமில்லை, வீட்டில் இருக்கவும் மனமில்லை. "நீங்கள் வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம்," என்றார். நான் உடனே ஓம் என்றேன். தங்கச்சி சொன்ன அந்தச் சத்தமில்லாத இடத்தை ஒருக்கால் பார்க்கவேணும் என்றும் எனக்குள் இருந்தது. ஏழு நாள் முழுக்கப் பிள்ளை என்னோடு இருக்கும் என்பதும் இருந்தது.

சனிக்கிழமை விடிய ரண்டர்ஸிலிருந்து தகப்பனின் காரில் வெளிக்கிட்டோம். யூட்லாந்தின் வடக்கு முனைவரை கார், பிறகு கப்பல், பிறகு நாலு மணித்தியாலம் மலைப்பாதை. நான் பின்சீட்டில் பிள்ளையின் பக்கத்தில் இருந்தேன். பழத்துண்டு, படப்புத்தகம், ஒட்டுப்படம் என்று ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தேன். ஒட்டுப்படங்களை என் கன்னம் முழுக்க ஒட்டினாள். அதோடு நான் கப்பலில் ஏறி, சாப்பாட்டு வரிசையில் நின்று, கோப்பி வாங்கிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். முன்சீட்டில் இருந்த தகப்பன் முழு வழியிலும் இரண்டுதரம்தான் பின்னுக்குத் திரும்பிப் பார்த்தார்.

மரவீடு மலைச்சரிவில் இருந்தது. வாசலில் இருந்து இடுப்பளவு பனி. பிள்ளைக்குப் பனி பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஞாயிறு காலை அவளை வெளிக்கிடுத்த முக்கால் மணித்தியாலம் எடுத்தது. உள் உடுப்பு, கம்பளி உடுப்பு, காலுக்கு இரண்டு சோடி மேசு, மேலே தலையிலிருந்து கால்வரை ஒரே துண்டாக வரும் தடித்த குளிர் உடுப்பு, தொப்பி, கையுறை, சப்பாத்து. எல்லாம் பூட்டி முடிய, பம்பர்ஸ் மாற்றவேண்டியிருந்தது. திரும்ப எல்லாவற்றையும் கழற்றி, திரும்பப் போட்டு, வெளியில் கொண்டுபோய் இறக்கினேன். இறக்கிய இடத்திலேயே இருந்துவிட்டாள். ஒரு சாக்கு மாதிரி, கை இரண்டையும் விரித்தபடி. பிறகு முன்னுக்குச் சாய்ந்து முகம் பனியில் பட்டது. அந்தக் கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

திங்களும் அப்படித்தான். தமையன் குடும்பம் காலை ஒன்பது மணிக்கே ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிவிடும். தமையனின் மனுசி நல்ல மனுசி. "இன்றைக்கு நான் நிற்கட்டுமா?" என்று கேட்பா. நான் வேண்டாம் என்பேன். தகப்பன் அவர்களுக்கும் முதலே போய், எல்லோருக்கும் பிந்தி, இருட்டுப்படும்போது வருவார். சாப்பிடுவார். பிள்ளையின் உச்சியில் ஒருதரம் கை வைப்பார். அவ்வளவுதான்.

நானும் பிள்ளையும் அந்த வீட்டில் தனியே. சட்டி மூடிகளை அடுக்கினோம். வேகாத மக்கரோணியைப் போத்தலுக்குள் போட்டுக் குலுக்கினோம். சப்பாத்துகளை எல்லாம் வரிசையாக வைத்து ஒவ்வொன்றுக்கும் தொப்பி போட்டோம். பதினொரு மணிக்கே எல்லா விளையாட்டும் முடிந்துவிடும். அவள் யன்னலில் கையை அடித்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். வெளியே கொண்டுபோனால் அழுவாள்.

செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் பனியிடம் போகாவிட்டால் பனி அவளிடம் வரட்டும். குளியலறையில் இருந்த பிளாஸ்டிக் தொட்டியை எடுத்துப்போய் நிறையப் பனி அள்ளிக்கொண்டு வந்து குசினி நிலத்தில் வைத்தேன். இரண்டு கோப்பை, ஒரு அகப்பை. கோப்பையில் பனியை அமுக்கி, தட்டத்தில் கவிழ்த்தேன். வெள்ளையாக, நுனி உடையாமல் வந்து நின்றது.

"புட்டு," என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலை வாயில் வைத்தாள். "புட்டு," என்றாள்.

அன்று முழுக்கப் புட்டு அவித்தோம். ஒரு தொட்டி கரைய, இன்னொரு தொட்டி. கையெல்லாம் சிவந்து குளிர்ந்தது, அவள் விடவில்லை. ஒவ்வொரு புட்டையும் தட்டத்தோடு தூக்கி, தள்ளாடி வந்து, "அம்மா, சாப்பு," என்று எனக்கு நீட்டினாள். நான் சாப்பிடுவதுபோல் வாயை அசைத்தேன். பின்னேரம் அதே தொட்டியை வாசலில் வைத்தேன். கிட்டப் போனாள். தொட்டி முடிய, தானே குனிந்து நிலத்தில் கிடந்த பனியை அள்ளினாள். பிறகு சிறுசறுக்குப் பலகையில் இருத்தி வீட்டைச் சுற்றி இழுத்தேன். சிரித்தாள். தங்கச்சி இறந்த பிறகு நான் அவ்வளவு சந்தோசமாக இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான். எழுதும்போது வெட்கமாய் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

புதன்கிழமை மத்தியானம் மலையில் காற்று எழும்பி ஆட்களை மேலே ஏற்றும் தூக்கிகளை நிற்பாட்டிவிட்டார்கள். தமையன் குடும்பம் கீழேயே சறுக்கிக்கொண்டு நின்றது. தகப்பன் மட்டும் திரும்பி வந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. பிள்ளை நித்திரையால் எழும்பி, அறைக்குள் இருந்து கூப்பிட்டது. "அம்மா. அம்மா. அம்மா." நான் "வாறன் வாறன்" என்று ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண் மூடியபடி, காதுக்குள் திரும்பவும் சொன்னாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வர, தகப்பன் நடையில் நின்றார். ஸ்கீச் சப்பாத்துக் கழற்றவில்லை. கையுறை கழற்றவில்லை.

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து திரும்ப வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். காருக்குப் பக்கத்தில், காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நெடுநேரம் நின்றார்.

உள்ளே வந்தபோது நான் பிள்ளைக்கு மக்கரோணிப் போத்தலைக் கொடுத்து நிலத்தில் விட்டிருந்தேன். அவர் மேசையில் வந்து இருந்தார். நாங்கள் டேனிஷில்தான் கதைப்போம்.

"அவள் உங்களை அம்மா என்று கூப்பிடுகிறாள்," என்றார்.

"பெரியம்மா என்று சொல்ல வராது. முன்பாதியை விட்டுவிடுகிறாள்."

"எப்போதிருந்து?"

"நவம்பர்."

அவர் யோசித்தார். "மூன்று மாதம். நீங்கள் எனக்குச் சொல்லவில்லை."

"இல்லை. சொல்லவில்லை."

போத்தலுக்குள் மக்கரோணி குலுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிழை என் பக்கம் இருந்தது, அதனால் கோபம்தான் முதலில் வந்தது.

"நீங்கள் நாலு நாளாய் இந்தப் பிள்ளையைத் தூக்கவில்லை," என்றேன். "நித்திரையால் எழும்பினால் அவள் வேறு யாரைக் கூப்பிடுவாள்?"

"தெரியும்," என்றார். குரல் உயரவில்லை. "இவள் பக்கவாட்டில் திரும்பினால் அப்படியே அவள்தான். வாய், நாடி, எல்லாம். என்னால் பார்க்க முடியவில்லை. அது என்னுடைய பிழை. அதை நான் சரிப்படுத்துவேன். ஆனால் இவள் தாயை மறந்துவிடுவாள். முகத்தை மறப்பாள், குரலை மறப்பாள். வயது அப்படி. அந்த ஒரு சொல்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லுக்கு அவள் எப்படித் திரும்பினாள் என்று நீங்களும் பார்த்தீர்கள்."

"பார்த்தேன்."

"அது அவளுக்கென்றே இருக்கட்டும். மொஸ்டர் என்று பழக்குவீர்களா?"

மொஸ்டர் என்றால் டேனிஷில் தாயின் சகோதரி. பெரியம்மா, சின்னம்மா என்ற பிரிவு அதில் இல்லை. அம்மாவும் அதில் இல்லை.

"சரி," என்றேன். பெரியம்மா என்று முழுதாகச் சொல்லப் பழக்குகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டிருக்கலாம். மூன்று மாதம் மறைத்தவள் எந்த முகத்தோடு கேட்பது.

பின்னேரம், சப்பாத்துகள் காயவைக்கும் சின்ன அறைக்குள் நின்று என் மனுசனுக்கு ரெலிபோன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அவர் கேட்டது பிழையில்லை," என்றார்.

"பிழை எண்டு நான் சொல்லேல்லை."

"அழுறியோ?"

"இல்லை."

"அழு. அங்கை ஒருத்தரும் பாக்கேல்லைத் தானே," என்றார். ரெலிபோனை வைக்காமல் மறுபக்கத்தில் அப்படியே நின்றார்.

வியாழன் காலை, தொட்டி நிறையப் பனியோடு குசினி நிலத்தில் இருந்தோம். அவள் புட்டைத் தட்டத்தில் வைத்து நீட்டினாள். "அம்மா, சாப்பு."

"மொஸ்டர்," என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். "மொஸ்டருக்குத் தாங்கோ."

அவள் தட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்மா."

நான் வாங்கவில்லை. அதுதான் வழி என்று யோசித்து வைத்திருந்தேன், அந்தச் சொல்லுக்குத் திரும்பக் கூடாது என்று. முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு சும்மா ஒரு சட்டியைத் துடைத்தேன். அவள் திரும்பவும் கூப்பிட்டாள். கொஞ்சம் சத்தமாக. பிறகு கேள்வி கேட்பதுபோல். பிறகு என் முதுகில் இரண்டு கையாலும் அடித்தாள். நான் சட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு அடி நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் அழவில்லை. தட்டத்தைப் பிடித்தபடி, வாய் கொஞ்சம் திறந்து, நான் எங்கே போய்விட்டேன் என்று தேடுவதுபோல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னால் முடியவில்லை. தூக்கிக்கொண்டேன். ஒரு தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு, கூப்பிட்டால் ஆள் வராது என்று நான் இன்னொருதரம் பழக்குகிறேனே என்று பட்டது. அதற்குப் பிறகு கூப்பிட்டால் திரும்பாமல் விடுவதை நான் ஒருநாளும் செய்யவில்லை. 'அம்மா' என்றாலும் திரும்பினேன். திரும்பி, "ஓம், மொஸ்டர் வாறன்," என்றேன்.

விளையாட்டாக்கினேன். கையால் கண்ணைப் பொத்தி, திறந்து, "ஆர் இது? மொஸ்டர்." புட்டுக்கு, "ஆர் அவிச்சது? மொஸ்டர்." பலகையை இழுக்கும்போது, "ஆர் இழுக்கிறது?" அன்று பின்னேரம் 'மொமொ' என்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், ஸ்கீ பழகும் சின்னப்பிள்ளைகளுக்கான சரிவில், நிலத்தோடு நகர்ந்து மேலே போகும் பட்டியில் இருவரும் பத்துத்தரம் ஏறி ஏறி இறங்கினோம். பதினோராம் தரம் கையை என்னிடம் நீட்டி, தெளிவாகச் சொன்னாள். "மொஸ்டர், வா."

பக்கத்தில் நின்ற தமையனின் மனுசி கேட்டு, கை தட்டினா. பிள்ளைக்கும் அது பிடித்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நானும் ஒன்றை விடவேண்டியிருந்தது. 'வாங்கோ அம்மா' என்று நான் சொல்வதை. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் நான் ஒரு பக்கம் அவளை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு, மறுபக்கம் அந்தச் சொல்லை அவளிடமிருந்து பறிக்க முடியாது. 'வாங்கோ குஞ்சு' என்று மாற்றினேன். எங்கள் அம்மா எங்களை 'வாங்கோ அம்மா' என்றுதான் கூப்பிட்டவ, அவவின் தாயும் அப்படித்தான். நாக்கில் தானாக வரும். ஒவ்வொருதரமும் பாதியில் நிற்பாட்டினேன்.

சனிக்கிழமை கப்பலில் கடல் கொஞ்சம் ஆடியது. பிள்ளைகள் விளையாடும் மூலையில் நிறப் பந்துகள் நிரப்பிய ஒரு பள்ளம் இருந்தது. பிள்ளை அதற்குள் இறங்கிப் பந்துகளை வெளியே எறிந்தாள். நான் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தகப்பன் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்த நெட்டை ஆள், பந்துகளுக்குள் இறங்கி இருந்தார். அந்தக் கிழமையில் அவர் பிள்ளையோடு விளையாட இருந்தது அதுதான் முதல்தரம். பிள்ளை அவருடைய தலையில் பந்துகளை ஒவ்வொன்றாக வைத்தது. அவர் ஆடாமல் இருந்தார். கண் நிறைந்திருந்தது, ஆனால் சிரித்தார்.

பிறகு அவர் ரெலிபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தங்கச்சி, மலையுச்சியில், கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, சூரியனுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். கல்யாணத்துக்கு முந்தின வருசத்துப் படம்.

"யார் இது?" என்று டேனிஷில் கேட்டார்.

பிள்ளை படத்தைக் கிட்ட வாங்கிப் பார்த்தது. எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே முகவெட்டு. எல்லோரும் சொல்வார்கள்.

"மொஸ்டர்," என்றாள்.

பிள்ளை ஒரு பந்தை எடுத்துப் படத்துக்குக் கொடுத்தது. பிறகு அவர், தங்கச்சி பழக்கியபடி, ஒரு எழுத்தும் பிசகாமல், "அம்மா," என்றார். படத்தைத் தொட்டு, "அம்மா. இது அம்மா." பிள்ளை அவருடைய வாயைப் பார்த்தது. திரும்பிச் சொல்லவில்லை. நான் எழும்பி மேல்தளத்துக்குப் போய், கரை தெரியும்வரை அங்கேயே நின்றேன்.

ரண்டர்ஸில் வந்து இறங்கும்போது பிள்ளை நித்திரை. தகப்பன்தான் சீட்டிலிருந்து கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் அங்கே விட்டிருந்த என் காரை எடுத்துக்கொண்டு ஹேர்னிங்குக்கு வந்தேன். திங்கள் காலை வேலைக்குப் போனேன். விடுமுறை எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். நல்ல பனி என்றேன்.

அவர் சொன்னபடி செய்தார். ஒவ்வொரு நாளும் படுக்கமுன் அந்தப் படத்தை எடுத்துக் காட்டினார் என்று பிறகு அறிந்தேன். மூன்று வயதில் அவள் படத்தைப் பார்த்து அம்மா என்று சரியாகச் சொன்னாள். ஆனால் அதற்குள் அது படத்தில் இருக்கும் ஒருவரின் பெயராக மட்டும் ஆகியிருந்தது. கூப்பிடுகிற சொல்லாக இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தச் சொல்லைக் காப்பாற்றினோமா, ஆளில்லாத இடத்தில் கொண்டுபோய் வைத்தோமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவளுக்கு இப்போது ஏழு வயது. அவளுடைய நாலு வயதில் தகப்பன் வேலை மாறி ஒடென்சேக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பெண்ணோடு சேர்ந்து வாழ்கிறார். அவவும் அமைதியான மனுசி, பிள்ளையை அன்பாகப் பார்க்கிறா. கிழமைக்கு ஒருதரம் என்பது மாதத்துக்கு ஒருதரமாகி, இப்போது பள்ளி விடுமுறைகளில் மட்டும் பிள்ளை எங்களிடம் வரும். நான் தமிழில் கதைப்பேன். விளங்கும், டேனிஷில் பதில் சொல்வாள்.

போன இலையுதிர்கால விடுமுறையில் ஐந்து நாள் வந்து நின்றாள். போவதற்கு முதல்நாள் தலை முழுகவார்த்து, கதிரையில் இருத்தி, சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். தாயின் தலைமயிர்தான், அப்படி ஒரு அடர்த்தி.

"மொஸ்டர், ஒன்று கேட்கட்டுமா? கோவிக்கக் கூடாது," என்றாள் டேனிஷில்.

"கேளுங்கோ."

"நான் அவவை மோர் என்று கூப்பிட்டால் பரவாயில்லையா?"

சீப்பு நின்றது. தொடர்ந்து இழுத்தேன்.

"அப்பாட்டைக் கேட்டனீங்களோ?"

"கேட்டேன். மொஸ்டரிடம் கேள் என்றார். மொஸ்டர் சரி என்றால்தான் சரி என்றார்."

அவர் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கத் தேவையில்லை. நான் அவளுக்குப் பின்னால் நின்றது நல்லதாய்ப் போயிற்று. கொஞ்சநேரம் சிக்கெடுத்தேன்.

"கூப்பிடுங்கோ," என்றேன். "அவ நல்லவ. கூப்பிட்டா அவவுக்குச் சந்தோசமாயிருக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு பின்னல் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன்.

அடுத்தநாள் காலை தகப்பனும் அவவும் காரில் வந்தார்கள். அவ இறங்கி முடியமுதலே பிள்ளை படியால் ஓடிப்போய், 'மோர்' என்று கூப்பிட்டுக்கொண்டு அவவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவ கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டா. காருக்கு மேலால் என்னைப் பார்த்தா. நான் கையை உயர்த்திக் காட்டினேன். தகப்பன் பையைத் தூக்கி வைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். கோப்பி குடிக்கச் சொன்னேன், நேரமில்லை என்றார்கள்.

கார் சந்தியில் திரும்பும்வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய், அவள் படுத்த கட்டிலின் விரிப்பையும் தலையணை உறையையும் கழற்றி மெஷினில் போட்டேன்.